அசையாத காய்

பலகையின் கடைசி வரிசை, இடது மூலை. அங்கே ஒரு காய் நிற்கிறது. ஆட்டம் தொடங்கி முக்கால் மணி நேரமாகிவிட்டது. அதைச் சுற்றியிருந்த காய்கள் ஒவ்வொன்றாகக் கிளம்பிப் போய்விட்டன. சில மடிந்தன, சில எதிராளியின் எல்லைக்குள் திரிகின்றன. இது மட்டும் வைத்த இடத்திலேயே இருக்கிறது. எதிரே அமர்ந்திருப்பவருக்குத் தெரிவது அதன் முதுகு மட்டும். வெடிகுண்டா? கொடியா? இல்லை, இரண்டில் ஒன்றைப்போல நடித்தபடி, யாராவது அருகில் வரட்டும் என்று காத்திருக்கும் ஒரு கேப்டனா?

சதுரங்கத்திலும் ஆடுபுலி ஆட்டத்திலும் எல்லாக் காய்களும் இருவர் கண்ணுக்கும் முன்னால் கிடக்கின்றன. தெரியாதது எதிராளியின் மனம் மட்டுமே. அந்தக் காய் நிற்கும் ஸ்ட்ராடெகோ என்ற பலகை ஆட்டத்தில் எதிராளியின் படையே தெரியாது. இப்படி இருட்டில் நடக்கும் ஆட்டத்தில் முன்னேறி அடித்து ஆடுவது நல்லதா, கட்டை போட்டுக்கொண்டு காத்திருப்பது நல்லதா? சாப்பாட்டு மேசைகளில் எழுந்த இந்தக் கேள்வி கணிதத் துறைகளுக்குள் நுழைந்து, கடைசியில் செயற்கை நுண்ணறிவு ஆய்வகங்கள் வரை போயிருக்கிறது.

விதிகள் எளியவை. பத்துக்குப் பத்துக் கட்டங்கள் கொண்ட பலகை. நடுவில் நந்நான்கு கட்டங்களை அடைத்துக்கொண்டு இரண்டு ஏரிகள். அவற்றில் எந்தக் காயும் இறங்க முடியாது. ஆகவே எதிரியின் பக்கம் போக மூன்றே பாதைகள், ஒவ்வொன்றும் இரண்டு கட்ட அகலம். ஆளுக்கு 40 காய்கள். அவற்றைத் தன் பக்கத்து நான்கு வரிசைகளில் எப்படி வேண்டுமானாலும் அடுக்கலாம். முகம் தன்னை நோக்கியிருக்கும், முதுகு எதிரிக்கு. மார்ஷல் ஒருவர், அவர் எண் 10. ஜெனரல் 9. கர்னல் இருவர், மேஜர் மூவர் என்று படிப்படியாக இறங்கி, வெடிகுண்டைச் செயலிழக்கச் செய்யத் தெரிந்த சுரங்கவீரர்கள் ஐவர், நேர்கோட்டில் எவ்வளவு தூரம் வேண்டுமானாலும் ஓடக்கூடிய வேவுவீரர்கள் எட்டுப் பேர். எண்ணே இல்லாத உளவாளி ஒருவன். யார் தொட்டாலும் மடிவான், ஆனால் அவனாக முந்திக்கொண்டு மார்ஷலைத் தொட்டால் மார்ஷல் காலி. ஆறு வெடிகுண்டுகள், ஒரு கொடி. எதிரியின் காய் நிற்கும் கட்டத்துக்குத் தன் காயை நகர்த்தினால் இரண்டும் முகம் காட்ட வேண்டும். சின்ன எண் பலகையை விட்டு வெளியேறும். சம எண் என்றால் இரண்டும் வெளியேறும். எதிரியின் கொடியைப் பிடித்தவர் வென்றார்.

மூலையில் நிற்கும் அந்தக் காய்க்குத் திரும்பலாம். 40 காய்களில் நகரவே முடியாதவை ஏழு: ஆறு வெடிகுண்டுகளும் கொடியும். தொடக்கத்தில் கண்ணை மூடிக்கொண்டு ஒரு காயைத் தொட்டால் அது வெடிகுண்டாக இருக்க 40-க்கு 6, அதாவது 15 விழுக்காடு வாய்ப்பு. ஆட்டம் நடக்க நடக்க எதிராளியின் 24 காய்கள் ஒருமுறையாவது நகர்ந்துவிட்டன என்று வைத்துக்கொள்ளலாம். நகர்ந்தது எதுவும் வெடிகுண்டு அல்ல. அகற்றப்படாத ஆறு குண்டுகளும் மிச்சமிருக்கும் 16-க்குள்தான் இருந்தாக வேண்டும், வாய்ப்பு 37.5 விழுக்காடாக ஏறிவிட்டது. 30 காய்கள் நகர்ந்த பிறகோ, அசையாத பத்தில் ஆறு குண்டு, ஒன்று கொடி. அந்தக் காய் எதுவுமே செய்யவில்லை. ஆனாலும் அதைப் பற்றிய செய்தி எதிராளிக்குப் போய்க்கொண்டே இருந்தது. தேர்ந்த ஆட்டக்காரர்கள் கொடி பின்வரிசையில் இருக்கும், குண்டு அதன் பக்கத்தில் இருக்கும் என்று இடத்தையும் சேர்த்துக் கணக்கிடுவார்கள். அவர்களுக்கு அந்த நிச்சயம் இன்னும் சீக்கிரமே வந்துவிடும்.

அடங்கி ஆடுபவர்கள் பலர் தவறவிடும் இடம் இது. கையைக் கட்டிக்கொண்டு இருந்தால் ரகசியம் காப்பாற்றப்படும் என்று நம்புகிறார்கள். நகர்ந்தால் ஒரு செய்தி போகிறது. நகராவிட்டால் வேறொரு செய்தி போகிறது. பலகையில் மௌனம் என்று ஒன்று இல்லை.

இந்த ஆட்டத்தின் வேர் பிரான்சில் இருக்கிறது. எர்மான்ஸ் எடான் என்ற பெண் 1908-இல் ஒரு போர் விளையாட்டுக்குக் காப்புரிமை கோரினார். 1909-இல் அது கிடைத்தது. ‘லட்டாக்’, அதாவது ‘தாக்குதல்’ என்ற பெயரில் அது விற்பனைக்கு வந்தபோது முதல் உலகப்போருக்கு இன்னும் சில ஆண்டுகள் இருந்தன. அதன் வழித்தோன்றலுக்கு ஸ்ட்ராடெகோ என்ற பெயரை 1942-இல் பதிவு செய்தவர் ஜாக் யோகன் மோகன்டார்ஃப். அப்போது நெதர்லாந்து ஜெர்மானிய ஆக்கிரமிப்பில் இருந்தது. 1958-இல் டச்சு நிறுவனமான ஜம்போவும், 1961-இல் அமெரிக்காவில் மில்டன் பிராட்லியும் வெளியிட்ட பிறகு அது உலகெங்கும் பரவியது. பெயரில் ‘தாக்குதல்’ இருந்தாலும், எடானின் கண்டுபிடிப்புக்கு உயிர் மறைப்புதான்.

அந்த மறைப்பை அளக்கவும் முடியும். தகவலை அளக்க ஒரு முழக்கோல் வேண்டும் என்று நினைத்த கிளாட் ஷானன் 1948-இல் அதற்கான கணிதத்தைத் தந்தார். அவருடைய அலகு ‘பிட்’: ஆம், இல்லை என்று சரிபாதி வாய்ப்புள்ள ஒரு கேள்விக்குக் கிடைக்கும் பதில் ஒரு பிட். 40 காய்களையும் 40 கட்டங்களில் அடுக்க எத்தனை வழிகள் என்று கணக்கிட்டால், 1-க்குப் பின்னால் 33 சுழியங்கள் போட்டால் வரும் எண்ணைவிடச் சற்றுக் கூடுதலாக வருகிறது. பிட்டுகளில் சொன்னால் சுமார் 110. ஒவ்வோர் ஆட்டக்காரரும் 110 பிட் ரகசியத்தோடு உட்காருகிறார். ஆட்டம் முழுக்க அதைக் கொஞ்சம் கொஞ்சமாகச் செலவழிக்கிறார்.

எதற்கு என்ன செலவு? ஒரு காயை ஒரு கட்டம் நகர்த்தினால் அது குண்டோ கொடியோ அல்ல என்பது மட்டும் வெளியாகிறது. தொடக்கத்தில் இதன் விலை 0.28 பிட், அற்பத் தொகை. மோதல் நடந்து காய் முகம் காட்டினால் செலவு கூடும். வேவுவீரர்கள் எட்டுப் பேர் இருப்பதால் ஒருவர் வெளிப்படுவது 2.3 பிட். மார்ஷல் ஒருவர்தான், அவர் வெளிப்பட்டால் 5.3 பிட், மொத்த ரகசியத்தில் ஏறக்குறைய இருபதில் ஒரு பங்கு ஒரே நொடியில் போய்விடுகிறது.

இனி அடித்து ஆடுபவரின் பக்கத்துக் கணக்கு. மோதலில் இருவருமே முகம் காட்டுகிறார்கள். ஆனால் எந்தக் காயைக் காட்டுவது என்று தேர்ந்தெடுப்பவர் தாக்குபவர் மட்டுமே. அவர் மலிவான வேவுவீரரை அனுப்பி 2.3 பிட் கொடுக்கிறார். பதிலுக்கு, முகம் தெரியாத ஒரு காயின் அடையாளமாகச் சராசரியாக 3.3 பிட் வாங்குகிறார். தகவல் கணக்கில் இது லாபம். விலையாகக் கொடுப்பது அந்த வேவுவீரரின் உயிர்: தொடக்கத்தில் எதிரியின் 40 காய்களில் 30 அவரை வீழ்த்திவிடும். எட்டு வேவுவீரர்களில் யாரை, எப்போது, எந்தக் காயின்மேல் செலவழிப்பது என்பதில்தான் நல்ல ஆட்டக்காரரின் கை தெரிகிறது. முன்வரிசையில் கண்ணில் பட்டதையெல்லாம் தொட்டுப் பார்க்கிறவர் பாதி ஆட்டத்துக்குள் கண்ணில்லாதவராகிவிடுவார். கடைசிக் கட்டத்தில் பலகை காலியாகி நீண்ட கோடுகள் திறக்கும்போது, ஒரே பாய்ச்சலில் போய்த் தொட அவரிடம் யாரும் இருக்க மாட்டார்கள்.

பிட் கணக்குக்கு ஒரு குறை உண்டு. எந்தச் செய்தி முக்கியமானது என்று அதற்குத் தெரியாது. மார்ஷலும் உளவாளியும் ஆளுக்கு ஒருவர் என்பதால் இரண்டுக்கும் ஒரே 5.3 பிட்தான். ஆனால் எதிரியின் உளவாளி உயிரோடிருக்க, ஒருவருடைய மார்ஷல் அடையாளம் தெரிந்துவிட்டால், பலகையிலேயே பலசாலியான காய் பயந்து பயந்து நடக்க வேண்டியதாகிறது. பக்கத்தில் வரும் ஒவ்வொரு முகமறியாக் காயும் கொலைகாரனாக இருக்கலாம். எதிரியின் உளவாளி மடிந்துவிட்டதாகத் தெரிந்த மறுகணம் அதே மார்ஷல் பலகை முழுக்கச் சுதந்திரமாகத் திரிகிறார். குண்டுகளைத் தவிர அவருக்குப் பயப்பட எதுவுமில்லை. எதிரியின் மார்ஷல் மோதினால் இருவரும் மடிவார்கள், அவ்வளவுதான். துரும்பை மேசையில் கவிழ்த்து வைத்து 304 ஆடிப் பழகிய யாழ்ப்பாணத்தாருக்கு இந்த உணர்வு நன்றாகத் தெரியும்: ஒரே ஒரு சீட்டு எப்போது வெளிப்படுகிறது என்பதில் மற்ற எல்லாச் சீட்டுகளின் மதிப்பும் மாறிப்போகும்.

காத்திருப்பவருக்கு ஆதரவாகப் பெரிய சாட்சி ஒருவர் உண்டு. பிரஷ்யத் தளபதி கார்ல் வான் கிளாவ்ஸ்விட்ஸ் இறந்த பிறகு அவருடைய மனைவி மரீ 1832-இல் வெளியிடத் தொடங்கிய போர்க்கலை நூல் இரண்டு செய்திகளைச் சேர்த்தே சொல்கிறது. போரில் நடவடிக்கைக்கு அடிப்படையானவற்றில் முக்கால் பங்கு மூடுபனிக்குள் இருக்கிறது. தற்காப்பு, தாக்குதலைவிட வலுவான போர்முறை. ஆனால் அவர் அங்கேயே நின்றுவிடவில்லை. தற்காப்பின் நோக்கம் இருப்பதைக் காப்பது மட்டும். எதையும் பெற்றுத் தருவது தாக்குதல்தான். ஆகவே பலவீனம் கட்டாயப்படுத்தும்வரை தற்காத்துவிட்டு, பலம் வந்ததும் கைவிட வேண்டும் என்பது அவர் வாதம். அவருடைய காலத்திலேயே, 1824-இல், ரைஸ்விட்ஸ் என்ற பிரஷ்ய அதிகாரி நடுவர் ஒருவரை வைத்து நிலப்படத்தின்மேல் ஆடும் ‘கிரீக்ஸ்ஷ்பீல்’ என்ற பயிற்சி ஆட்டத்தை ராணுவத்துக்குக் கொடுத்தார். எதிரிப் படை கண்ணுக்கு எட்டும்வரை அது எங்கே இருக்கிறது என்று நடுவர் சொல்ல மாட்டார்.

ஸ்ட்ராடெகோவில் இருவருமே வலுவான போர்முறையைத் தேர்ந்தெடுத்தால் என்ன ஆகும்? ஆட்டம் உறைந்துபோகும். மூன்று பாதைகளிலும் பெரிய காய்கள் காவல் நிற்கும்; பின்னால் யாரோ ஒரு சார்ஜென்ட் இரண்டு கட்டங்களுக்கிடையே போய்வந்துகொண்டிருப்பார். முதலில் பாய்பவர் நஷ்டப்படுவார் என்று இருவருக்கும் தெரியும்போது இதைத் தடுக்க ஆட்டத்துக்குள் எதுவும் இல்லை. அதனால்தான் போட்டி விதிகள் வெளியிலிருந்து தலையிடுகின்றன. சர்வதேச ஸ்ட்ராடெகோ கூட்டமைப்பின் விதிப்படி ஒரு காயை அதே இரண்டு கட்டங்களுக்கிடையே தொடர்ச்சியாக மூன்று முறைக்குமேல் நகர்த்தக் கூடாது. எதிராளி என்ன செய்துகொண்டிருந்தாலும் சரி, ஓடித் தப்பிப்பவருக்கும் அதே சட்டம்தான். இன்னொரு விதி, ஏற்கெனவே வந்த நிலைகளையே திரும்பத் திரும்ப உண்டாக்கி ஒரு காயை முடிவின்றித் துரத்துவதைத் தடுக்கிறது. ஒன்று சோம்பிய தற்காப்புக்குக் கடிவாளம். மற்றது வீண் துரத்தலுக்குக் கடிவாளம். இரண்டு குணங்களும் எல்லை மீறக்கூடியவை என்பதை விதி எழுதியவர்கள் அனுபவத்தில் கண்டிருக்கிறார்கள்.

*

சரியான விடை என்று ஒன்று உண்டா? கணிதக்காரர்கள் இதைக் கேட்கத் தொடங்கியதற்கும் மறைத்து ஆடும் ஆட்டங்களுக்கும் நெருங்கிய உறவு உண்டு. 1899-இல் ஹென்றி மைக்கேல் டெம்பிள் என்ற ஆங்கிலப் பத்திரிகையாளர், ரைஸ்விட்ஸின் ஆட்டப் பெயரையே எடுத்து, கண்ணை மறைத்து ஆடும் சதுரங்கம் ஒன்றை உண்டாக்கினார். மூன்று பலகைகள், ஒரு நடுவர். ஆட்டக்காரருக்குத் தன் காய்கள் மட்டுமே தெரியும். முடியாத ஒரு நகர்வை முயன்றால் நடுவர் ‘இல்லை’ என்பார். அவர் வேறொன்றை முயல வேண்டும். இங்கே தைரியமாகத் தடவிப் பார்ப்பதற்குக் காய் இழப்பு இல்லை. ஆனால் அந்த ‘இல்லை’ எதிராளியின் காதிலும் விழும். எங்கோ தேடுகிறார்கள் என்று அவருக்கும் தெரிந்துவிடும். இரண்டாம் உலகப்போருக்குப் பிந்திய ஆண்டுகளில் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகக் கணிதத் துறையின் தேநீர் அறையில் இளம் கணிதவியலாளர்கள் இந்த ஆட்டத்தில் மூழ்கிக் கிடந்தார்கள். அவர்களில் ஒருவர் ஜான் நாஷ். எந்த ஆட்டக்காரரும் தனியாகத் தன் உத்தியை மாற்றி லாபமடைய முடியாத நிலை ஒன்று உண்டு என்று அவர் 1950-இல் நிறுவினார். ‘நாஷ் சமநிலை’ என்று அது பெயர் பெற்றது. 1994-இல் நோபல் பரிசும் வந்தது.

அதே பிரின்ஸ்டனில், அதே 1950-இல், நாஷின் நண்பர் ஹரால்டு குன் மிகச் சிறிய ஒரு சீட்டாட்டத்தை முழுவதுமாகத் தீர்த்துக் காட்டினார். காத்திருப்பதா, பாய்வதா என்ற கேள்விக்கு இதைவிடத் தெளிவான விடை வேறெங்கும் இல்லை. பொறுமையாகப் பார்க்கத் தகுந்தது.

மூன்றே சீட்டுகள்: 1, 2, 3. இரண்டு பேர். ஆளுக்கொரு காசை நடுவில் வைக்கிறார்கள், ஆளுக்கொரு சீட்டு, மூன்றாவது சீட்டு கவிழ்ந்தே கிடக்கும். முதல் ஆள் இன்னொரு காசு கட்டலாம், கட்டாமலும் விடலாம். அவர் விட்டால் இரண்டாம் ஆளுக்கு அதே வாய்ப்பு. ஒருவர் கட்டினால், மற்றவர் ஈடுகட்டிச் சீட்டைக் காட்டச் சொல்லலாம், அல்லது விலகி நடுவிலிருப்பதை விட்டுக்கொடுக்கலாம். இருவரும் கட்டாவிட்டால் சீட்டைத் திருப்பிப் பார்க்க வேண்டியதுதான். பெரிய எண் வெல்லும்.

இரண்டாம் ஆளின் கையில் 1. எதிரில் இருப்பது நிச்சயம் இதைவிடப் பெரியது. முதல் ஆள் காசு கட்டாமல் விட்டுவிட்டார். அடங்கிப் போவதுதான் புத்திசாலித்தனம் என்று தோன்றும். குன்னின் விடை வேறு: இந்தத் தோற்கும் சீட்டோடு மூன்றில் ஒரு தடவை காசு கட்ட வேண்டும். ஏனென்றால் 1 வைத்திருக்கும்போது இவர் ஒருநாளும் கட்டுவதில்லை என்று தெரிந்துவிட்டால், இவர் கட்டும் நாளெல்லாம் கையில் 3 என்று அர்த்தமாகும். 2 வைத்திருப்பவர் உடனே விலகிவிடுவார். இவருடைய மிகச் சிறந்த சீட்டு ஒரு காசுகூடக் கூடுதலாகச் சம்பாதிக்காது. மோசமான சீட்டோடு அவ்வப்போது பாய்வதுதான் நல்ல சீட்டுக்கு வருமானம் தேடித் தருகிறது. ஜான் வான் நாய்மனும் ஆஸ்கர் மார்கன்ஸ்டெர்னும் ஆட்டங்களின் கணிதத்தைப் பற்றிய தங்கள் 1944-ஆம் ஆண்டு நூலில் போக்கர் சீட்டாட்டத்தைப் பற்றிச் சொன்னதும் இதுவே. ப்ளஃப் என்பது குணக்கேடோ துணிச்சலோ அல்ல. கணக்கின் ஓர் உறுப்பு.

ஆனால் குன்னின் ஆட்டத்தில் உண்மையில் அழகான பகுதி முதல் ஆளுக்கு உரியது. அவருக்குச் சரியான உத்தி ஒன்றல்ல, ஒரு வரிசையே இருக்கிறது. ஒரு முனையில், அவர் எந்தச் சீட்டு வந்தாலும், 3 வந்தாலும்கூட, முதலில் காசு கட்டவே வேண்டாம். முழுக் கட்டை. இன்னொரு முனையில், 3 வந்தால் எப்போதும் கட்டலாம், 1 வந்தால் மூன்றில் ஒரு தடவை கட்டலாம். அடித்து ஆடும் முறை. இரண்டுக்கும் பலன் ஒன்றே: எதிராளி பிழையில்லாமல் ஆடினால் 18 ஆட்டத்துக்கு ஒரு காசு என்ற கணக்கில் முதல் ஆள் நஷ்டப்படுவார். அது முதலில் பேசும் இடத்தில் உட்கார்ந்ததற்கான விலை. எந்தக் குணத்தாலும் அதைக் குறைக்க முடியாது.

நிபந்தனை ஒன்றுதான்: ஓரிடத்தில் எடுத்த முடிவுக்கு மற்ற இடங்களும் ஒத்துப்போக வேண்டும். 3-ஐ எப்போதும் கட்டிவிடுகிறவர் கட்டாமல் விட்டால் அவரிடம் 3 இல்லை என்று எதிராளி கண்டுகொள்வார், துணிந்து பாய்வார். அதனால் 2 கையிலிருக்கும்போது மூன்றில் இரண்டு தடவை ஈடுகட்டி நிற்க வேண்டும். எல்லாவற்றையும் பொத்தி வைப்பவருக்கு மூன்றில் ஒரு தடவை போதும். ஆனால் அந்த ஒரு தடவை கட்டாயம். முழுக்க அடங்கி ஆடுபவரும் எங்காவது ஓரிடத்தில் எழுந்து நின்றாக வேண்டும். கட்டவும் மாட்டேன், ஈடுகட்டவும் மாட்டேன் என்கிறவருக்கு எந்தச் சமநிலையிலும் இடமில்லை. ஒருவருடைய சுபாவத்தைப் பார்த்து ‘நீ கோழை’, ‘நீ முரடன்’ என்று மேசையைச் சுற்றி நடக்கும் தர்க்கங்களுக்கு இந்த மூன்று சீட்டுகள் நல்ல மருந்து.

*

மூன்று சீட்டிலிருந்து 40 காய்களுக்குப் போவது சின்னத் தாவல் அல்ல. ஸ்ட்ராடெகோவில் வரக்கூடிய நிலைகளை எண்ணினால் 1-க்குப் பின்னால் 535 சுழியங்கள். கோ ஆட்டத்துக்குச் சுமார் 360; போக்கரின் இருவர் ஆட்டத்துக்கு 164. கோ ஆட்டத்தில் மனிதரை வென்ற முறை, அதாவது அடுத்தடுத்த நகர்வுகளை மரக்கிளைபோல விரித்துத் தேடுவது, இங்கே எடுபடவில்லை. எதிராளியின் காய்கள் எவை என்றே தெரியாதபோது எந்தக் கிளையிலிருந்து தேடத் தொடங்குவது?

2022 டிசம்பரில் செயற்கை நுண்ணறிவு ஆய்வகமான டீப்மைண்டின் ஆய்வாளர்கள் ‘சயன்ஸ்’ இதழில் டீப்நாஷ் என்ற நிரலைப் பற்றி எழுதினார்கள். பெயரிலேயே நாஷ் இருக்கிறார். அது கிளைகளைத் தேடுவதில்லை. தன்னோடு தானே சுமார் 550 கோடி ஆட்டங்கள் ஆடி, எந்த எதிராளியாலும் சுரண்ட முடியாத சமநிலையை நோக்கி மெல்ல நகர்கிறது. மனித ஆட்டம் எதுவும் அதற்குக் கற்றுக்கொடுக்கப்படவில்லை. அதே ஆண்டு ஏப்ரலில் கிராவான் என்ற இணைய ஆட்டத்தளத்தில் மனிதர்களோடு 50 ஆட்டங்கள் ஆடி 84 விழுக்காடு வென்று, அத்தளத்தின் எல்லாக் காலத்துக்குமான தரவரிசையில் முதல் மூன்று இடங்களுக்குள் வந்தது. முன்னாள் உலக வாகையர் வின்சென்ட் டி போர் அந்த ஆய்வுக் கட்டுரையின் ஆசிரியர்களில் ஒருவர். ஆட்டத்தை உள்ளிருந்து அறிந்த ஒருவர் உடனிருந்தது கட்டுரையில் நன்றாகத் தெரிகிறது.

அந்த நிரல் அடங்கி ஆடியதா, அடித்து ஆடியதா? கட்டுரை காட்டும் இரண்டு ஆட்டங்களைப் பார்க்கலாம்.

முதலாவதில் டீப்நாஷ் தொடக்கத்திலேயே ஒரு மேஜரையும் ஒரு கர்னலையும் இழந்துவிட்டது. சதுரங்கக் கண்ணோடு பார்க்கிறவர் பின்தங்கிவிட்டது என்றுதான் சொல்வார். ஆனால் அந்த மோதல்களில் எதிராளியின் மார்ஷல், ஜெனரல், ஒரு கர்னல், இரண்டு மேஜர்கள் எங்கே இருக்கிறார்கள் என்று தெரிந்துவிட்டது. தன்னுடைய பெரிய காய்களை அது இன்னும் காட்டவில்லை. தனக்கு வெற்றி வாய்ப்பு சுமார் 70 விழுக்காடு என்று நிரல் மதிப்பிட்டது, வென்றும் விட்டது. எதிராளி பலத்தோடு நின்றார், ஆனால் வெட்டவெளியில். இரண்டு நல்ல காய்களைக் கொடுத்து அதை வாங்கலாம் என்று எந்த மனித ஆசிரியரும் அதற்குச் சொல்லவில்லை.

இரண்டாவது இன்னும் சுவையானது. எதிராளியின் கர்னல் அடையாளம் தெரிந்து நிற்கிறார். டீப்நாஷ் முகம் தெரியாத ஒரு காயை எடுத்து அவரைத் துரத்தத் தொடங்குகிறது. கர்னலைத் துணிந்து துரத்தும் காய் என்னவாக இருக்கும்? மார்ஷலாகத்தான் இருக்க வேண்டும் என்று எதிரே இருந்த மனிதர் முடிவு செய்தார். தன் உயிர் போகாமல் மார்ஷலைத் தாக்கிக் கொல்லக்கூடியது உளவாளி மட்டும். கர்னலைப் பின்வாங்க வைத்து, துரத்தி வருபவரை உளவாளியின் பக்கம் இழுத்து வந்தார். ஆனால் வந்தது வெறும் வேவுவீரர். உளவாளி மடிந்தான். டீப்நாஷ் பணயம் வைத்தது எட்டில் ஒன்றாக இருக்கும் ஒரு சில்லறைக் காயை. பறித்தது அதன் உண்மையான மார்ஷலுக்கு இருந்த பெரிய பயத்தை. அந்த மார்ஷல் அதுவரை எங்கோ பேசாமல் நின்றிருந்தார். பாய்ந்தது ஒரு காய், பதுங்கியிருந்தது இன்னொன்று. ஒன்றில்லாமல் மற்றதற்கு அங்கே பயனில்லை.

காய்களை அடுக்குவதிலும் இதே குணம். கொடியைப் பெரும்பாலும் பின்வரிசையில் வைத்துக் குண்டுகளால் சுற்றுகிறது. ஆனால் எப்போதாவது சுற்றாமலும் விடுகிறது. எப்போதும் சுற்றினால் குண்டைக் கண்டவர் கொடியையும் கண்டுவிடுவார் அல்லவா? மூன்று சீட்டு ஆட்டத்தில் 1-ஐ வைத்துக்கொண்டு காசு கட்டியதற்கும் இதற்கும் அடிப்படையில் வேறுபாடு இல்லை. பாதுகாப்பான வழியையே எப்போதும் எடுப்பது, மிகச் சில தடவை எடுக்காமல் விடுவதைவிட ஆபத்தானது.

*

இவ்வளவும் ஒரு குறிப்பிட்ட விதித்தொகுப்புக்குள் நடப்பவை. விதியில் ஒரு வரியை மாற்றினால் விலைப்பட்டியலே மாறிவிடும். ஸ்ட்ராடெகோவின் சில அமெரிக்கப் பதிப்புகள் மாற்று விதிகளையும் தருகின்றன. ஒன்றில் சம எண்கள் மோதினால் தாக்கியவர் வெல்வார். உடனே எல்லாரும் முந்திக்கொண்டு கை நீட்டத் தொடங்குவார்கள். இன்னொன்றில் தாக்குபவர் மட்டும் எண்ணைச் சொல்ல வேண்டும். வென்ற தற்காப்பாளர் முகம் காட்டாமலே நிற்கலாம். தாக்குபவர் வேவுவீரராக இருந்தால் மட்டும் பதில் சொல்லியாக வேண்டும். இதில் காத்திருப்பவருக்குத் தகவல் செலவே இல்லை. வேவுவீரரின் மதிப்போ வானத்துக்கு ஏறிவிடுகிறது. சீனாவின் லூஜான்சியில் ஆளுக்கு 25 காய்கள். நடுவர் வைத்து ஆடும்போது மோதலில் இரண்டு காய்களையும் அவர் மட்டும் பார்த்து, தோற்றதை எடுத்துவிடுவார். யார் யாரை வென்றார் என்பது இருவருக்குமே ஊகம்தான். பலகையில் சில கட்டங்கள் முகாம்கள். அங்கே இருக்கும் காயை யாரும் தொட முடியாது. ஒளிந்திருக்க விதியே இடம் ஒதுக்கித் தருகிறது. அதற்கு ஈடாக ஒன்று: படைத்தலைவன் மடிந்தால் கொடி இருக்கும் இடத்தைக் காட்டிவிட வேண்டும். ஜெர்மனியில் 1983-ஆம் ஆண்டின் சிறந்த ஆட்டமாகத் தேர்வான ஸ்காட்லாந்து யார்டில் மறைந்து ஓடுபவர் மிஸ்டர் எக்ஸ். அவர் 3, 8, 13, 18 எனக் குறிப்பிட்ட நகர்வுகளில் தலைகாட்டியே தீர வேண்டும். அந்த ஒரு கட்டாயம் இல்லாவிட்டால் துரத்துபவர்களுக்கு ஆட்டமே இல்லை.

பிலிப்பைன்ஸில் 1970-ஐ ஒட்டி சொஃப்ரோனியோ பசோலா உருவாக்கிய ‘ஜெனரல்களின் ஆட்டம்’ இவற்றையெல்லாம்விட ஒரு படி மேலே போகிறது. ஒன்பதுக்கு எட்டுக் கட்டங்கள், ஆளுக்கு 21 காய்கள், மோதலைத் தீர்க்க ஒரு நடுவர். ஐந்து நட்சத்திர ஜெனரல் உச்சியில். உளவாளிகள் இருவர், அவர்கள் எந்த அதிகாரியையும் வீழ்த்துவார்கள், ஆனால் சாதாரணச் சிப்பாய் அவர்களை வீழ்த்துவான். சிப்பாய்கள் ஆறு பேர். வெடிகுண்டு கிடையாது. கொடிக்கு இங்கே கால் உண்டு. எதிரியின் கொடியைப் பிடித்தாலும் வெற்றி. தன் கொடியைப் பலகையின் மறுகரைக்கு நடத்திச் சென்று, அருகில் அதைப் பிடிக்க யாரும் இல்லாமல் நிறுத்திவிட்டாலும் வெற்றி. அசையாத காயை எண்ணி எண்ணிக் கொடியைக் கண்டுபிடிக்கும் கணக்கு இங்கே செல்லாது. நகரும் எதுவும் கொடியாக இருக்கலாம்.

ஆகவே அந்தப் பலகையில் வேறொரு காட்சி நடக்கிறது. ஆட்டம் நடுவில் கொதித்துக்கொண்டிருக்கும்போது, வலது ஓரத்தில் ஒரு காய் ஒவ்வொரு கட்டமாக முன்னேறி வருகிறது. அவசரமில்லை, தயக்கமுமில்லை. சிப்பாயாக இருக்கலாம், வழிமறிக்க ஓர் உளவாளியை அனுப்பினால் அவன் போய்விடுவான். உளவாளியாக இருக்கலாம்; ஜெனரலை அனுப்பினால் ஜெனரல் போய்விடுவார். கொடியாக இருக்கலாம்; யாரையும் அனுப்பாவிட்டால் ஆட்டமே போய்விடும். இன்னும் மூன்று கட்டங்கள். காவலுக்கு அந்த ஓரத்தில் நிற்பது ஐந்து நட்சத்திர ஜெனரல் மட்டும். நடுவர் இருவரையும் பார்த்தபடி, கையை மடியில் வைத்துக்கொண்டு காத்திருக்கிறார்.